கோப்பில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், கம்பத்தில் இன்னொன்று

எம்.பி.ஏ. படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. "லைவ் பிராஜெக்ட் கிடைச்சிருக்கு. ஒரு எனர்ஜி கம்பெனிக்கு சஸ்டெயினபிலிட்டி, டிஜிட்டலைசேஷன் ரெண்டுக்கும் சேர்த்து ஸ்ட்ராட்டஜி போட்டுக் குடுக்கணும்." கேட்கிற பெரியவர்கள் தலையை ஆட்டிவைப்பார்கள். இருபத்திரண்டு வயசுப் பிள்ளை மின்சாரக் கம்பெனிக்கு என்ன யோசனை சொல்லிவிடப் போகிறது என்ற சந்தேகம் மட்டும் உள்ளே இருக்கும். நியாயமான சந்தேகம்தான். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1967-இல் பிரான்சின் எஸ்ஸெக் வணிகப் பள்ளி மாணவர்கள் தாங்களாகவே ஒரு சங்கம் அமைத்து, நிறுவனங்களிடம் காசு வாங்கிக்கொண்டு ஆய்வு வேலைகளைச் செய்து கொடுக்க ஆரம்பித்தார்கள். ஜூனியர் என்டர்பிரைஸ் என்று அதற்குப் பேர். ஐரோப்பா முழுக்கப் பரவிய அந்த யோசனை பிரேசிலுக்கும் போய், பிறந்த வீட்டைவிட அங்கே பெரிதாக வளர்ந்துவிட்டது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி 1992-இல் இதைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. முதலாண்டு எம்.பி.ஏ. மாணவர்கள் ஏழு வாரம் வகுப்பை விட்டுவிட்டு ஏதாவது ஒரு நிறுவனத்தின் நிஜமான சிக்கலில் இறங்க வேண்டும். சுற்றுச்சூழலுக்கென்றே தனியாக ஒன்றும் உண்டு. என்விரான்மென்டல் டிஃபென்ஸ் ஃபண்ட் என்ற அமைப்பு 2008-இல் தொடங்கிய கிளைமேட் கோர் திட்டம் அது. கோடை விடுமுறையில் மேல்படிப்பு மாணவர்களை நிறுவனங்களுக்குள் உட்காரவைத்து, மின்சாரமும் எரிபொருளும் எங்கே வீணாகின்றன என்று தேடச் சொல்வார்கள்.

நம் ஊர்க் கல்லூரிகளிலும் அதே வழிதான். நிறுவனம் ஒரு சிக்கலைச் சொல்லும். நாலைந்து மாணவர்கள், மேலே ஒரு பேராசிரியர், இரண்டு மூன்று மாதம், கடைசியில் ஒரு பிரசன்டேஷன். பிரெஞ்சுக்காரர்கள் காசு வாங்கினார்கள். நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒரு சான்றிதழும் ஒரு மதியச் சாப்பாடும். அதைத் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

நிறுவனங்கள் ஏன் இதற்கு ஒத்துக்கொள்கின்றன? சில இடங்களில் நல்ல பிள்ளைகளை முன்கூட்டியே பார்த்து வேலைக்கு எடுத்துக்கொள்ள. சில இடங்களில் ஆண்டறிக்கையில் ஒரு புகைப்படம் போட. ஆனால் இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. பங்குச் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022–23 நிதியாண்டு முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற அறிக்கையைக் கட்டாயம் தர வேண்டும் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி சொல்லிவிட்டது. எவ்வளவு தண்ணீர் எடுத்தாய், எவ்வளவு கரியமில வாயு விட்டாய், கழிவை என்ன செய்தாய் என்று கேள்விமேல் கேள்வி கேட்கும் அறிக்கை. நெய்வேலியின் என்.எல்.சி., என்.டி.பி.சி., டாடா பவர் எல்லாம் இதற்குள் வருகின்றன. தமிழ்நாட்டு மின்வாரியத்தின் வாரிசுகளான அரசு நிறுவனங்கள் பங்குச் சந்தையில் இல்லாததால் இந்த விதி அவற்றைத் தொடாது. ஆனாலும் கேள்விகள் ஒன்றுதான். யார் வந்து கேட்டாலும் எண்ணோடு பதில் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது. எண்ணைத் திரட்ட ஆள் வேண்டும். அங்கேதான் மாணவர்கள் உள்ளே வருகிறார்கள்.

இந்த இடத்திலேயே பெரும்பாலான பிராஜெக்ட்கள் தடம் புரண்டுவிடுகின்றன என்பது என் எண்ணம். 'ஸ்ட்ராட்டஜி' என்று தலைப்பில் போட்டுவிட்டால் பிள்ளைகள் நேராக உச்சிக்குப் போய்விடுகிறார்கள். "நிலக்கரியைக் குறைக்க வேண்டும், சூரிய மின்சாரத்தைக் கூட்ட வேண்டும், செயற்கை நுண்ணறிவைப் புகுத்த வேண்டும்." அட்டையில் காற்றாலைப் படம், நடுவில் நாலு கட்டம், கடைசியில் 2030, 2040, 2050 என்று ஒரு அம்புக்குறி. தப்பு ஒன்றுமில்லை. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் தலைமைப் பொறியாளருக்கு இதெல்லாம் தெரியாதா என்ன?

உச்சியில் எடுக்கும் முடிவு எப்படிப்பட்டது என்பதற்கு டென்மார்க்கின் டாங் எனர்ஜியைப் பாருங்கள். எண்ணெயும் எரிவாயுவும் பெயரிலேயே இருந்த நிறுவனம். கடலுக்குள் காற்றாலை நடுவதில் வருஷக்கணக்காகப் பணம் போட்டது. 2017-இல் எண்ணெய், எரிவாயுத் தொழிலை விற்றுவிட்டு ஆர்ஸ்டெட் என்று பெயரையே மாற்றிக்கொண்டது. அரசாங்கம், பங்குதாரர்கள், வங்கிகள் எல்லாரும் சேர்ந்து பல வருஷம் இழுத்த தேர் அது. பத்து வாரத்தில் நாலு மாணவர்கள் சொல்லி நடக்கிற காரியம் இல்லை. அவர்களிடம் அதைக் கேட்பதும் அநியாயம்.

அப்படியானால் மாணவர்கள் எதைத் தொடலாம்? ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகச் சொல்கிறேன்: மின் இழப்பு. லைன் லாஸ் என்று இ.பி. ஆபீஸில் சொல்வார்களே, அதுதான்.

கரியமில வாயுக் கணக்கை உலகம் முழுக்க மூன்று பங்காகப் பிரித்து எழுதுகிறார்கள். நிறுவனம் தன் கொதிகலனில், தன் வண்டிகளில் தானே எரிப்பது ஸ்கோப் 1. வெளியிலிருந்து வாங்கித் தான் பயன்படுத்தும் மின்சாரத்துக்காக வேறெங்கோ எரிவது ஸ்கோப் 2. மற்றபடி சரக்கு கொடுப்பவரிடமும் வாடிக்கையாளரிடமும் நடப்பதெல்லாம் ஸ்கோப் 3. மின்சாரத்தை வாங்கி வீடுவீடாக விற்கும் பகிர்மான நிறுவனத்துக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. அது வாங்கி விற்கும் மின்சாரம் ஸ்கோப் 3-க்குப் போய்விடும். ஆனால் வழியில் அதன் கம்பியிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் சூடாகி வீணாகும் மின்சாரம் அந்த நிறுவனமே 'பயன்படுத்தியது' என்று கணக்கு. அது ஸ்கோப் 2. ஆக, இழப்பைக் குறைத்தால் கரியும் குறையும், கொள்முதல் செலவும் குறையும். சரியாக அளக்காமல் குறைக்க முடியாது என்பதால் டிஜிட்டல் சமாச்சாரமும் இதே இடத்துக்கு வந்து சேர்கிறது. தலைப்பில் தனித்தனியாக இருந்த இரண்டு சொற்களும் ஒரே வேலையாகிவிடுகின்றன.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். துணை மின் நிலையத்திலிருந்து கிளம்பும் ஒரு 11,000 வோல்ட் ஃபீடர். மாதம் 10 லட்சம் யூனிட் உள்ளே போகிறது. வீடு, கடை, பட்டறை எல்லாவற்றுக்கும் போட்ட பில்லைக் கூட்டினால் 8.5 லட்சம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை லட்சம் யூனிட்டைக் காணவில்லை. இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று மத்திய மின்சார ஆணையம் கணக்கு வைத்திருக்கிறது. பெருக்கினால் 105 டன். மாணவர் ஸ்லைடில் இதைப் பெரிய எழுத்தில் போட்டுவிடுவார்.

போடக் கூடாது. காணாமல்போன ஒன்றரை லட்சமும் ஒரே ஜாதி இல்லை. ஒரு பகுதி கம்பியில் சூடாகப் போனது. இன்னொரு பகுதி யாரோ பயன்படுத்தி, பில் மட்டும் ஏறாதது: கொக்கி போட்டது, ஓடாத மீட்டர், தப்பாக எழுதிய ரீடிங். கொக்கியைக் கழற்றினால் நிறுவனத்துக்குப் பணம் வரும். ஆனால் அந்த வீட்டு ஃபேன் அப்போதும் ஓடத்தானே செய்யும்? கரி அதே அளவுக்குக் குறைந்துவிடாது. பணம் மிச்சம் பிடிப்பதையும் கரி மிச்சம் பிடிப்பதையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தாலே அந்த மாணவர் பாதி ஆலோசகர் ஆகிவிட்டார்.

இன்னொரு கண்ணி இதைவிட மோசம். நம் வீடுகளில் மீட்டர் ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. எல்லா வீட்டுக்கும் ஒரே நாளிலும் எடுப்பதில்லை. இந்தத் தெருவுக்கு இந்த மாதம், அடுத்த தெருவுக்கு அடுத்த மாதம். ஃபீடரின் மீட்டரோ மாதாமாதம் படிக்கப்படுகிறது. மே மாதம் வெயில் கொளுத்தி ஏ.சி. ஓடும்போது ஃபீடர் கணக்கு உடனே எகிறும். அன்றைக்கு எடுத்த வீட்டு ரீடிங்கில் இருப்பது மார்ச், ஏப்ரல் சங்கதி. கழித்துப் பார்த்தால் மே மாதத்தில் இழப்பு பயங்கரமாகத் தெரியும். மழை வந்து ஃபீடர் இறங்கிய பிறகு, கோடைக்காலப் பில் எல்லாம் வந்து சேரும். அந்த மாதம் கழித்தால் இழப்பு மைனஸில் போகும். அனுப்பியதைவிட விற்றது அதிகம்! மளிகைக் கடைக்காரர் இந்த மாதம் வந்த சரக்கையும் போன மாதம் விற்ற சரக்கையும் வைத்து லாபம் பார்த்த கதைதான்.

மைனஸ் எண்ணைப் பார்த்ததும் 'டேட்டா எரர்' என்று அந்த வரியை அழித்துவிட்டுப் போகிற மாணவர் உண்டு. "ஏன் சார் மைனஸ் வருது?" என்று கேட்டுவிட்டுப் பிரிவு அலுவலகத்துக்கு நடக்கிற மாணவரும் உண்டு. இரண்டாமவருக்குத்தான் விஷயம் கிடைக்கும்.

நடந்து போனால் என்ன தெரியும்? கணினியில் ஒவ்வொரு இணைப்பும் எந்த டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் இருக்கும். லைன்மேனோடு தெருவில் போகும்போது பேச்சு இப்படிப் போகும்:

"அண்ணே, இந்த வரிசை வீடுங்க எல்லாம் முக்கு டிரான்ஸ்ஃபார்மர்தானே?"

"லிஸ்ட்டுல அப்படித்தாம்மா இருக்கும். போன கோடையில அது லோடு தாங்கல, ராத்திரி ரெண்டு தடவை ஃபியூஸ் போச்சு. அதான் இந்த வரிசையைக் கோயில் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மருக்கு மாத்திவிட்டோம்."

"ஆபீஸ்ல எழுதிக் குடுக்கலையாண்ணே?"

"ராத்திரி பதினோரு மணிக்கா?"

அவர் செய்தது சரி. ஊர் இருட்டில் தவிக்கும்போது படிவம் நிரப்பிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அந்த இரவிலிருந்து பட்டியலில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் இழப்பு குறைவாகவும், இன்னொன்றில் திருட்டு நடப்பது போலவும் தெரிந்துகொண்டிருக்கும். எத்தனை கோடி போட்டு மென்பொருள் வாங்கினாலும் இந்தப் பட்டியல் தப்பாக இருந்தால் அது தப்பையே வேகமாகக் கூட்டிக் கொடுக்கும். பெரிய ஆலோசனை நிறுவனத்தின் ஆள் ஒரு நாளுக்கு வாங்கும் கூலியில் அவரை லைன்மேன் பின்னால் தெருத்தெருவாக அனுப்ப எந்த மேனேஜருக்கும் மனசு வராது. மாணவரை அனுப்பலாம். அவருக்கு நேரம் இருக்கிறது, "எனக்குத் தெரியாது, சொல்லுங்க" என்று கேட்க வெட்கம் இல்லை. மாணவர் கன்சல்டிங்கின் பலம் இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன்.

பட்டியலைச் சரிசெய்த பிறகு கிடைக்கும் பலன்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கம்பியில் ஓடும் கரண்ட் இரண்டு மடங்கானால் சூடாகி வீணாவது நான்கு மடங்காகும். பள்ளிக்கூடப் பாடம்தான். நம் தெருவுக்கு வருவது மூன்று ஃபேஸ். ஆர், ஒய், பி என்பார்கள். வீடு கட்டக் கட்ட கைக்கு எட்டிய ஃபேஸில் இணைப்பு கொடுத்துக்கொண்டே போயிருந்தால், ஒரு ஃபேஸ் தலைமேல் சுமக்கும், இன்னொன்று சும்மா இருக்கும். டிரான்ஸ்ஃபார்மரில் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் மீட்டர் இருந்தால், ராத்திரி பத்து மணிக்கு எந்த ஃபேஸ் திணறுகிறது என்று அப்பட்டமாகத் தெரியும். நாலு வீட்டு சர்வீஸ் ஒயரை ஒரு ஃபேஸிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் இழப்பு இறங்கும். புதுக் கம்பி வேண்டாம், டெண்டர் வேண்டாம். ஏணியும் ஒரு அரை நாளும் போதும். "சஸ்டெயினபிலிட்டி ஸ்ட்ராட்டஜி" என்று கேட்டவருக்கு இது சப்பென்று இருக்கலாம். இந்த மாதம் குறைகிற கரி இதுதான்.

இதே ஆய்வைக் கிராமத்து ஃபீடரில் செய்யப் போனால் கதை வேறு. தமிழ்நாட்டில் விவசாய பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள். பெரும்பாலானவற்றில் மீட்டர் கிடையாது. அங்கங்கே மாதிரிக்கு வைத்த மீட்டர்களையும் மோட்டாரின் குதிரைத்திறனையும் வைத்து உத்தேசமாகக் கணக்கு எழுதுகிறார்கள். பம்புசெட் கணக்கைக் கொஞ்சம் கூட்டி எழுதினால் இழப்பு குறைவாகத் தெரியும். குறைத்து எழுதினால் இழப்பு கூடும். அரசு தரும் மானியமும் அந்த உத்தேசத்தில்தான் தொங்குகிறது. மீட்டர் என்ற சொல்லைக் கேட்டாலே விவசாயிகள் பதறுவதற்கும் காரணம் உண்டு, நாளைக்குப் பில் வந்துவிடுமோ என்று. மாணவர்கள் இந்த ஃபீடரைத் தொடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பம்புக்குப் பம்பு மீட்டர் என்று ஆரம்பிக்காமல், டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்று வைத்து மொத்தத்தை அளக்கலாம் என்று சொல்லிப் பார்க்கட்டும். அரசியலை மறந்துவிட்டு எழுதும் அறிக்கை அலமாரிக்குத்தான் போகும்.

டிஜிட்டல் பக்கத்தில் சொல்ல வேண்டியது குறைவு. இத்தாலியின் எனெல் நிறுவனம் 2001-இலேயே ஸ்மார்ட் மீட்டர் வைக்கத் தொடங்கி, ஐந்தாறு வருஷத்துக்குள் சுமார் மூன்று கோடி வீடுகளை முடித்தது. இந்தியாவில் மின் பகிர்மானத்தைச் சீரமைக்க 2021-இல் அறிவித்த ஆர்.டி.எஸ்.எஸ். திட்டத்தின் இலக்கு 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்கள். மீட்டர் மாற்றுவது ஒப்பந்தக்காரர் வேலை. வந்து குவியும் எண்ணை யார் தினமும் பார்ப்பார், பார்த்துவிட்டு யாருக்குச் சொல்வார், அவர் என்ன செய்வார் என்பதில்தான் யோசனை தேவைப்படுகிறது. பிரிவு அலுவலகத்தின் உதவிப் பொறியாளருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. அவருக்கு இன்னொரு டாஷ்போர்டு கொடுத்துவிட்டு டிஜிட்டல் ஆகிவிட்டோம் என்றால், திங்கட்கிழமை காலை அதை யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. பதினைந்து நிமிட மின்கணக்கு கையில் இருந்தால் ஒரு வீட்டில் எப்போது ஆள் இல்லை என்பதுவரை சொல்லிவிடலாம். அதனால் பெயரும் இணைப்பு எண்ணும் நீக்கிய தரவைத்தான் மாணவர்கள் கேட்க வேண்டும். கொடுப்பவரும் அதைத்தான் கொடுக்க வேண்டும். ஆராய்ச்சிக்குத்தானே என்று துணை மின் நிலையக் கட்டுப்பாட்டுக் கணினியில் பென்டிரைவைச் செருகும் வேலை அறவே கூடாது. 2015 டிசம்பரில் உக்ரைனில் இணைய ஊடுருவலாளர்கள் மின் விநியோகக் கணினிகளுக்குள் புகுந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரை இருட்டில் தள்ளினார்கள். அது கற்பனைக் கதை அல்ல.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், நல்ல பிராஜெக்ட்டின் தலைப்பு எப்படி இருக்கும்? "பகிர்மான நிறுவனத்துக்கான நிலைத்தன்மை மற்றும் டிஜிட்டல் வியூகம்" என்று இருக்காது. "மூன்று ஃபீடர்களில் மாதாந்திர இழப்பைச் சரியாகக் கணக்கிட என்ன குறைகிறது?" என்று இருக்கும். காற்றாலை நிறுவனமாக இருந்தால், "முப்பந்தல் பக்கத்து நல்ல காற்றுள்ள இடத்தில் நிற்கும் பழைய சின்ன எந்திரங்களைக் கழற்றிப் பெரியதை வைக்க எது தடை: நிலமா, பங்காளிகளா, மின்பாதையா?" சுத்திகரிப்பு ஆலையாக இருந்தால், "நீராவிக் குழாய்களில் ஒழுகும் ஸ்டீம் டிராப் வால்வுகளை யார், எப்போது பார்க்கிறார்கள்?" கேள்வி சின்னதாக ஆக, பதில் கனமாகும். பத்து வாரத்தில் முடியும், சரியா தப்பா என்று சோதிக்கவும் முடியும்.

முடிவில் ஒப்படைப்பதும் ஸ்லைடாக மட்டும் இருக்கக் கூடாது. திருத்திய பட்டியல் ஒன்று. அந்தக் கணக்கை அடுத்த மாதம் அலுவலக ஊழியரே போடும்படி எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று. மாணவர் போன பிறகும் அந்தக் கணக்கு ஓடினால் பிராஜெக்ட் வென்றது. நிறுத்திவிட்டார்கள் என்றால், பிரசன்டேஷனில் எவ்வளவு கைதட்டல் வாங்கியிருந்தாலும் தோற்றதுதான்.

இதைப் படிக்கும் பேராசிரியர்களுக்கும் நிறுவன அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் வந்து இறங்கிய பிறகு தரவுக்கு அனுமதி தேடினால் பத்து வாரத்தில் ஆறு வாரம் கடிதம் எழுதுவதிலேயே போய்விடும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே பெயர் நீக்கிய ஓராண்டு ஃபீடர் கணக்கை எடுத்து வையுங்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய ஒரு பொறியாளரின் பெயரையும், கூட நடக்க ஒரு லைன்மேனின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். இந்த மூன்றும் தர முடியாதென்றால் அந்த வருஷம் பிராஜெக்ட்டே கொடுக்காதீர்கள்.